ஒரே கதவு வைத்த பல் ஆஸ்பத்திரி

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை நெருப்பும் என்னிடம் அனுமதி வாங்கித்தான் எரிகிறது என்று நினைப்பு.

அந்த நேரம் பார்த்துக் கடைவாயில் ஞானப்பல் சாய்ந்து முளைத்தது. கன்னம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. அடுத்த வாரம் எனக்குப் பரிசம். சிவகாசியில் ஒரு டாக்டரம்மா லேசர் வைத்து ஈறைத் திறந்து பல்லை எடுக்கிறார், ரத்தமும் வீக்கமும் குறைவு என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். வருங்கால மாமனார் துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். (துணைக்கா? பெண் கொடுக்கலாமா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளத்தான்.) அவரும் முப்பது வருஷம் பட்டாசு வேலை பார்த்தவர். அவர் முன்னால் தைரியசாலியாகத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதலில் மரத்துப்போக ஊசி. கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி. லேசர் ஈறை மட்டும்தான் வெட்டும், பல்லை வழக்கம்போலக் கருவியால் எடுப்போம். நடுவில் கருகின வாடை வரும், பயப்பட வேண்டாம். இதில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. "எங்களுக்குத் தெரியாத நெருப்பா டாக்டர்? நீங்க ஆரம்பிங்க" என்று வெளியே மாமனாருக்குக் கேட்கும்படி சொல்வதில் மும்முரமாக இருந்தேன்.

வலியே இல்லை. மெஷின் பீப் பீப் என்றது. அப்புறம் வாடை வந்தது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் கதவு. கருகின வாடை வந்தால் என்ன ஏது என்று கேட்கக் கூடாது, கத்திக்கொண்டே ஓட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். மூளை யோசிப்பதற்குள் கால் எழுந்துவிட்டது. டாக்டரம்மா மெஷினை நிறுத்துவதற்கும் நான் அவர் கையைப் பிடித்து இழுப்பதற்கும் சரியாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு இருந்ததோ ஒரே கதவு. "எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று கத்தினேன். வாய் பாதி மரத்திருந்ததால் பாதிதான் வந்தது. பாதியே போதுமாக இருந்தது. காத்திருந்த அத்தனை பேரும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அரை நிமிஷத்தில் எல்லாரும் எதிர்ப்புற வேப்பமரத்தடியில் நின்றோம். மாமனார் வாசலில் நின்று ஒவ்வொருவராக வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தார்.

டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அது உங்க ஈறு கருகுன வாடைதாங்க."

மரத்தடி மொத்தமும் என்னைப் பார்த்தது. கழுத்தில் துண்டு, கண்ணில் பச்சைக் கண்ணாடி, வாயோரம் எச்சில். பரிசம் அங்கேயே நின்றுபோனது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. (பல்வலி என்று சமாளித்தேன்.) பிறகு கதவைத் திறந்துவைத்தே மீதி வேலை நடந்தது. டாக்டரம்மா பல்லை எடுத்துத் தட்டில் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமனார் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். என்னால் பேச முடியாது, வாயில் பஞ்சு. ஊர் நெருங்கும்போது அவர் சொன்னார்:

"மாப்ள, நீங்க தனியா ஓடியிருந்தா நான் அங்கனயே வேற பஸ் ஏறிப் போயிருப்பேன். அந்தம்மாவையும் இழுத்துக்கிட்டுல்ல ஓடுனீக. பரிசத்துக்குத் தேதி மாத்த வேணாம்."

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இன்றும் தோசை கருகினால் என் மனைவி அடுப்பை அணைப்பதற்கு முன்னால் போய் வாசல் கதவைத் திறந்துவைப்பாள். பிறகு என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"ஓடுறதா இருந்தா என்னையும் இழுத்துக்கிட்டு ஓடுங்க."