சாக்கு கொடுத்த துரை

"பிள்ளைக் காம்பரா கூரை ஒழுகுதுங்க தொரை! பச்சப்புள்ளைங்க நனையுதுங்க!"

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து நிற்க, பூரணி மட்டும் முன்னால் வந்து கேட்டுவிட்டாள். பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் அது; தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறைதான் பிள்ளைக் காம்பரா. புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. ஒருத்தி எதிர்த்துப் பேசுகிறாள் என்பது மட்டும் விளங்கியது.

"கிவ் ஹெர் த சாக்!" என்று கத்திவிட்டுப் போனார்.

"என்னங்கய்யா சொல்றாரு?"

கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஒனக்குச் சாக்கு குடுக்கச் சொல்றாரு."

ஸ்டோரிலிருந்து புதுச் சாக்கு வந்தது. பூரணி அதில் தார் பூசி, ஒழுகிய இடத்தில் விரித்தாள். கத்தினாலும் துரை தங்கமான மனுசன்தான்!

மறுநாள் மலையில் அவளைக் கண்டதும் துரையின் முகம் சிவந்தது. "சாக்! சாக்!"

"எஸ் சார்!" என்ற கணக்கப்பிள்ளை பூரணியிடம் திரும்பினார். "ஒண்ணு பத்துமான்னு கேக்குறாரு."

"எங்கங்க பத்தும்? கூரை பூரா ஓட்டை!"

ஒரு கட்டுச் சாக்கு வந்தது. பெண்கள் கூடிக் கூரையையே மூடிவிட்டார்கள்.

அடுத்த நாள் துரை, துரைசாணியோடு அந்தப் பக்கம் வந்தார். பூரணி ஓடிப்போய் அவர் கழுத்தில் செவ்வந்தி மாலையைப் போட்டாள். உள்ளே குழந்தைகள் நனையாமல் தூங்குவதைப் பார்த்த துரைசாணி, பூரித்துப்போய்க் கணவரின் கையைக் குலுக்கினாள். துரை மாலையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், கூரைக்குப் புதுத் தகரம் போடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயந்தரம் பூரணி நடந்ததைச் சொல்ல, துரை பங்களாவின் சமையல்காரர் அழகுமுத்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

"அடி பைத்தியம்! சாக்குன்னா சீட்டைக் கிழிக்கிறது! சீமையில வேலையாளு சாமானையெல்லாம் சாக்குல போட்டு மொதலாளிகிட்ட குடுத்து வப்பானாம். 'இந்தா ஒன் சாக்கு'ன்னு திருப்பிக் குடுத்தா, நடையைக் கட்டுன்னு அர்த்தம்!"

 வேலை போயிருந்தால், பூரணி குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிருக்கும். அதைவிட, ஒன்றும் தெரியாத கணக்கப்பிள்ளையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. நேரே அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, ஐயாவோட அரைகுறை இங்கிலீசால நான் பொழைச்சேன். ஆனா ஒரு நாளைக்குத் தொரைகிட்ட அவரு மாட்டிக்கிடுவாருங்க. யாருகிட்டயாச்சும் நாலு வார்த்தை கத்துக்கச் சொல்லுங்க."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி சீதாலெட்சுமி நிமிர்ந்து சிரித்தாள்.

"இங்க வர்றதுக்கு முந்தி அவரு கண்டியில இங்கிலீசு வாத்தியாரு, பூரணி."