செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

"ஊது" என்றார் சூப்பர்வைசர்.

வெல்டர் ஊதினான். அவர் மூக்கை அவன் வாய்க்குள்ளேயே விட்டுவிடுவார் போலிருந்தது. பற்பசை வாசனையைத் தவிர ஒன்றும் சிக்காததில் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

"சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை வேலைக்கு வர்றே. செவ்வாய்க்கிழமை காய்ச்சல்னு படுத்துக்கறே. புதன்கிழமை ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நிக்கறே. எந்தக் காய்ச்சல்யா இப்படி லீவு பார்த்து வரும்? குடிகாரக் காய்ச்சல்தான் வரும்!"

"சத்தியமா நான் அதைத் தொட்டதே இல்ல சார்."

"முதலாளிகிட்ட சொல்லியாச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை நீ மெஷின் பக்கத்துல நிக்கலைன்னா, அப்புறம் வரவே வேண்டாம்."

இந்த வேலையை விட்டால் வெல்டருக்கு வேறு போக்கிடம் இல்லை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் ஓடினான்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், பிறகு என்ன வேலை என்று கேட்டார். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஜி.ஐ. பைப் மேல துத்தநாகம் பூசியிருக்கு இல்லையா? சூடு பட்டா அது புகையாகும். அந்தப் புகைதான் உங்க காய்ச்சல். தினம் சுவாசிச்சா உடம்பு கொஞ்சம் பழகிக்கும். ரெண்டு நாள் லீவு விட்டா மறந்துடும். மறுபடி புகை பட்டதும் தூக்கிப் போடும். அதனால முதல்ல பூச்சைச் சுரண்டி எடுங்க, கதவு ஜன்னலைத் திறந்து வைங்க, அப்புறம்..."

அப்புறம் சொன்ன எதுவும் வெல்டர் காதில் ஏறவில்லை. லீவு விட்டால்தானே காய்ச்சல்? லீவே விடாவிட்டால்?

மறுநாள் டாக்டர் சொன்னதைச் சூப்பர்வைசரிடம் ஒப்பித்தும் பார்த்தான்.

"புகையில காய்ச்சலா? நானும் இதே ஷெட்டுலதானே இருக்கேன். எனக்கு ஏன் வரலை?" என்றார் அவர், தன் கண்ணாடி அறையின் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே.

சனிக்கிழமை காலை, தெரிந்த பட்டறையிலிருந்து ஒரு வெல்டிங் மெஷினை இரவல் வாங்கி வந்து பின்கட்டு அறையில் இறக்கினான் வெல்டர். கூடவே கொஞ்சம் ஜி.ஐ. பைப்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"உனக்குத் துணி காயப்போட ஸ்டாண்ட் செய்யப் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டும் கிடைக்காத ஸ்டாண்ட். அவள் முகம் மலர்ந்து, பைப்பைப் பிடித்துக்கொள்ளத் தானே வந்து உட்கார்ந்தாள். வெளிச்சமும் பொறியும் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று ஜன்னலை அடைத்து, மேலே போர்வையும் தொங்கவிட்டிருந்தான்.

"மூச்சு முட்டுதுங்க. வாயெல்லாம் வேற இனிக்குது."

"கசந்தாதான் கவலைப்படணும். நல்லாப் பிடி."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வெல்டர் தெம்பாக இருந்தான். மனைவிதான் இரண்டு கம்பளிக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க காய்ச்சலை எனக்குத் தள்ளிவிட்டுட்டீங்களா? ஒரு ஸ்டாண்டுக்காக என்னை ஏங்க இப்படிப் பாடாப் படுத்தறீங்க?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தான், காலைப் பிடித்துவிட்டான். ஆனால் செவ்வாய்க்கிழமை கண்ணெதிரே நின்றது. இன்று புகை பிடிக்காவிட்டால் நேற்றுப் பிடித்ததெல்லாம் வீண். பைப்பைப் பிடிக்கத்தான் ஆளில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் சூப்பர்வைசர்.

"லீவு நாள்ல நீ என்ன பண்றேன்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றபடி அவரே உள்ளே நுழைந்தார். அடைத்த ஜன்னல், சிவந்த கண், படுத்துக் கிடக்கும் மனைவி. அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "பாட்டில் எங்கேய்யா?"

பின்கட்டுக் கதவை அவர் தள்ளித் திறந்தார். பாட்டில் இல்லை, வெல்டிங் மெஷின்தான் இருந்தது. திருட்டுத்தனமாக வெளிவேலை பார்ப்பதாகச் சொல்லப்போகிறார், வேலை போயிற்று என்று வெல்டர் கண்ணை மூடிக்கொண்டான்.

செருப்புச் சத்தம் மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தது.

"மெஷின் நல்லா ஓடுதா?" சூப்பர்வைசரின் குரல் தேனாக மாறியிருந்தது. "என் வண்டியில கொஞ்சம் பைப் கிடக்கு. கம்பெனிப் பைப்தான். மாடிப்படிக்குக் கைப்பிடி ஒண்ணு போட்டுக் குடுத்துடேன். முதலாளிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"செய்யலாம் சார். பிடிக்கத்தான் ஆளில்ல."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"அப்ப ஜன்னலைத் திறந்துடறேன். டாக்டர் கூட..."

"திறந்தா யார் கண்ணுலயாவது படும். மூடுய்யா!"

மூடினான். இருட்டும்வரை வேலை நடந்தது. கடைசிப் பற்றவைப்பில் சூப்பர்வைசர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்னய்யா, வாய் இனிக்குது?"

வெல்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தண்ணி குடிங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை கண்ணாடி அறை காலியாக இருந்தது. வெல்டர் நாள் முழுக்கப் புகையில் நின்றான். வீட்டுக்கு வந்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் எட்டியே பார்க்கவில்லை. மனைவியும் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். "இனிமே வீட்டுக்குள்ள புகையே கிடையாது, ஸ்டாண்டைக் கடையில வாங்கிக்கலாம்" என்று அவளிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் படுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனி வாசலில் வந்து நின்றான். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"தள்ளுங்கண்ணே, நான் மெஷின் பக்கத்துல நிக்கணும்."

"எங்க தம்பி நிக்கறது? உன்னை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. நேத்து சூப்பர்வைசருக்குக் குளிர்காய்ச்சல்னதும், லீவு முடிஞ்சு வந்தா அது குடிகாரக் காய்ச்சல்தானே, ஞாயித்துக்கிழமை எங்க இருந்தேன்னு முதலாளி ஒரே பிடியாப் பிடிச்சிருக்காரு. அந்த மனுஷன் வண்டியில பைப் ஏத்திட்டுப் போனதை நானே பார்த்தேன்; அதைச் சொல்ல முடியாம, உன் வீட்டுல உக்காந்து குடிச்சதா ஒத்துக்கிட்டாராம்."