கலியாணக் காலையும் கனடா ரிமோட்டும்

'தெரியாது' என்ற சொல்லை இருபத்தேழு வயது வரை நான் வாயால் சொன்னதில்லை. வகுப்பில் ஆசிரியர் என்ன கேட்டாலும் எழுந்து நின்று எதையாவது சொல்லிவைப்பேன். பஸ்ஸில் யாரும் விசாரித்தால் போகாத ஊருக்கும் வழி சொல்வேன். (நம்பிப் போனவர்கள் திரும்பி வந்து என்னைத் தேடாதது என் அதிர்ஷ்டம்.) இந்த வியாதி என்னை விட்டுப் போனது என் கணவரின் தம்பி கலியாணத்தன்று.

அப்போது எனக்குக் கலியாணமாகி ஆறு மாதம். காதல் கலியாணம். நான் செட்டிகுளத்துக்காரி. என் அப்பாவின் ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர்கள். என் கணவர் சுதனின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் வயல் செய்பவர்கள். சுதனின் அம்மாவான மாமி என்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தலையில் தூக்கி வைக்கவும் இல்லை. "சாப்பிட்டனீரோ?" என்று காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் கேட்பார். நடுவில் பெரிதாகக் கதை இல்லை. தம்பியின் கலியாணத்துக்கோ சொந்தம் முழுவதும் வரப்போகிறது, வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்க்கப்போவது என்னைத்தான். அதற்குள் மாமியின் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று நான் தவியாய்த் தவித்தேன்.

நாங்கள் இருந்தது சுதனின் கனடாச் சித்தப்பா கட்டிய வீடு. ஒழுங்கையில் மற்ற வீடுகளுக்குத் தகரப் படலை என்றால், எங்கள் கார் கராஜுக்கு மோட்டாரில் ஏறி இறங்கும் ஷட்டர். அதற்கு இருந்தது ஒரேயொரு ரிமோட். அதை மாமா இரண்டு பெருவிரலாலும் அமத்தி, பல்லைக் கடித்து, முகத்தைக் கோணினால்தான் ஷட்டர் அசையும். அது மக்கர் பண்ணினால், வெளிச்சுவரில் இருக்கும் கீபேட்டில் நாலு இலக்கம் அடித்துத் திறப்போம்.

கலியாணத்துக்கு லீவு கிடைக்காத சித்தப்பா, அங்கிருந்து வந்த ஒருவரிடம் ஒரு புது ரிமோட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார். எந்த மோட்டாருக்கும் பொருந்துமாம், ஆனால் முதலில் மோட்டாருக்கு அதைப் பழக்க வேண்டுமாம்.

"ஆர் பழக்கிறது?" என்று மாமா கேட்டார்.

கணினி வகுப்பு எடுக்கும் மருமகள் வீட்டில் இருக்கும்போது இதென்ன கேள்வி? "நான் செய்யிறன் மாமா. அஞ்சு நிமிச வேலை," என்றேன். அதற்கு முன் நான் பழக்கிய ஒரே ரிமோட் எங்கள் வீட்டு டிவியின் ரிமோட். (அதையும் உண்மையில் பழக்கியது என் தம்பி.)

அன்றைக்கே முடித்திருப்பேன். மாமி பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, "இண்டைக்கு முழுக்க மரணயோகம். நாளைக்கு விடிய ஏழு பன்னிரண்டுக்கு நல்ல நேரம் கிடக்குது," என்றார். நாளைக்குத்தான் கலியாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். மாமியை மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலையில் பட்டுச்சேலை, தலை நிறையப் பூவோடு கராஜுக்குள் கதிரை வைத்து ஏறினேன். கீழே கார். அதன் பின்சீட்டில் தாலியும் மணமகளுக்கான கூறைச்சேலையும் வைத்த தட்டு. பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள் என்று மாமியே அதை விடியற்காலையில் கொண்டுவந்து வைத்திருந்தார். மோட்டாரின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான். அதை அமத்திவிட்டுப் புது ரிமோட்டை அமத்த வேண்டும் என்று ரிமோட்டோடு வந்த துண்டுப்பிரசுரத்தின் படத்தில் இருந்தது. படத்துக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தை நான் வாசிக்கவில்லை. கெட்டிக்காரிக்குப் படம் போதாதா?

சரியாக ஏழு பன்னிரண்டுக்குப் பொத்தானில் விரலை வைத்து அமத்தினேன்.

"பொறும், பொறும்!" என்று மாமி ஓடிவந்தார். கையில் கற்பூரத் தட்டு. "முதல் முதல் தொடங்கிற வேலை. சும்மாவே தொடங்கிறது?"

நான் விரலை எடுக்கப் பார்த்தேன்.

"ஐயோ, எடுக்காதையும்! தொடங்கின கையை இடையில எடுக்கிறேல்லை!"

எடுக்கவில்லை. மாமி நெருப்புப் பெட்டியைத் தேடினார். முதல் குச்சி நமத்துப்போயிருந்தது. இரண்டாவது எரிந்தது. மோட்டாருக்கு மூன்று சுற்று, காருக்கு மூன்று சுற்று, எனக்கும் ஒரு சுற்று. எட்டி என் நெற்றியில் திருநீறும் பூசினார். அந்த வீட்டில் மாமி எனக்குத் தன் கையால் திருநீறு பூசியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டாரின் சின்ன விளக்கு அதற்கிடையில் படபடவென்று மின்னி அணைந்தது. அதுவும் சந்தோஷப்படுகிறது என்று நினைத்தேன்.

பிறகு ரிமோட்டை ஒரு அமத்து அமத்தினேன். வெளியிலிருந்து எல்லோருக்கும் திறந்து காட்டலாம் என்று உள்சுவர்ச் சுவிட்சைத் தட்டி, இறங்கும் ஷட்டருக்குக் கீழால் குனிந்து வெளியே ஓடிவந்தேன். வாசலில் சொந்தக்காரர், பட்டுவேட்டி தலைப்பாகையோடு மாப்பிள்ளை, வீடியோக்காரர் எல்லோரும் நின்றார்கள். ஷட்டர் தரையைத் தொட்டது. நான் கையை நீட்டி ரிமோட்டை அமத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பட்டரியைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். வேறொரு கதிரையில் ஏறி நின்று அமத்தினேன். மாமா பழைய ரிமோட்டை எடுத்துப் பல்லைக் கடித்தார். அதுவும் செத்துப்போயிருந்தது. கீபேட்டில் ஆளுக்கொரு தரம் இலக்கம் அடித்தார்கள். "கனக்க அடியாதையுங்கோ, பாங்க் மெசின் கார்டை விழுங்கிற மாதிரி இது காரை விழுங்கிப் போடும்," என்றார் மாமாவின் தமையனாரான பெரியப்பா. சித்தப்பாவுக்குப் போன் எடுத்தோம். அங்கே நித்திரை நேரம், அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் துண்டுப்பிரசுரத்தின் ஆங்கிலத்தை வாசித்தேன். பொத்தானை ஒரு கணம் அமத்தி உடனே விட வேண்டும். ஆறு செக்கனுக்கு மேல் அமத்திப் பிடித்தால், மோட்டாரின் ஞாபகத்தில் இருக்கும் எல்லா ரிமோட்டும், கீபேட் இலக்கமும் சேர்த்து அழிந்துவிடும்.

"என்னவாம்?" என்றார் சுதன்.

மாமி வெறும் கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"நான்தான் பொத்தானைக் கனநேரம் அமத்திப் போட்டன். எல்லாம் அழிஞ்சு போச்சு," என்றேன். "எனக்கு இந்த வேலை தெரியாது." வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது, அதுவும் எழுபது பேருக்கு முன்னால்.

"படிச்ச மருமகளாம்," என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். மணி எட்டு ஐம்பது. காருக்குள் இருக்கும் தாலியும் கூறையும் இல்லாமல் மணவறையில் என்ன செய்வது?

உள்ளே இருக்கும் சுவர்ச் சுவிட்சை அமத்தினால் ஷட்டர் திறக்கும். ஆனால் கராஜுக்கு வேறு கதவும் இல்லை, யன்னலும் இல்லை. மேலே தகரம் மட்டும்தான். சுதன் ஏறினால் தகரம் தாங்காது, மாப்பிள்ளையை ஏற்ற முடியாது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பெரியப்பா கழற்றித் தந்த ஒரு தகரத்தின் இடைவெளியால் காலைத் தொங்கவிட்டுக் குதித்தேன். காரின் மேல்தட்டு 'டமார்' என்றது. (அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் காகம் அதில் தண்ணீர் குடிக்கும்.)

சுவிட்சை அமத்தினேன். ஷட்டர் ஒன்றும் அறியாத பிள்ளை போல மெல்ல ஏறியது. வெளியில் நின்றவர்களுக்கு முதலில் செருப்பில்லாத என் கால், பிறகு கிழிந்த சேலைக்கரை, கடைசியாகச் சிலந்திவலை சுற்றிய பூவும் முகமும் தெரிந்தன. வீடியோக்காரர் ஒன்றையும் தவறவிடவில்லை.

ஒன்பது இருபதுக்கு மண்டபத்தில் நின்றோம். தாலி கட்டி முடிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் கதை பெண் வீட்டாரையும் எட்டியிருந்தது. அவர்களில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "கொம்பியூட்டர் படிப்பிக்கிற பிள்ளைக்கு ஒரு பொத்தான் அமத்தத் தெரியேல்லையே?" என்றார். நான் வாழையிலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சோறு பரிமாறிக்கொண்டு நின்ற என் மாமி அகப்பையை வைத்தார். "அவளைச் சொல்லாதையுங்கோ. விரலை எடுக்க வேண்டாமெண்டு சொன்னது நான். அவள் எழுபது பேருக்கு முன்னால பழியைத் தன்ர தலையில போட்டவள். என்ர பேரை எடுக்கேல்லை."

மாமி என் இலையில் இன்னொரு அகப்பை சோறு போட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கலியாண வீடியோ ஓடும். மணவறை வரை மாமி அதை ஓடவிடமாட்டார். ஷட்டர் ஏறி என் முகம் தெரியும் இடத்தில் நிறுத்துவார். வந்தவர்கள் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொல்வார்:

"இவள்தான் என்ர மருமகள். நான் சொன்னா வீடு பத்தி எரிஞ்சாலும் விரலை எடுக்கமாட்டாள்."