மாமாவுக்கு: கோழிக்கூடு இப்போது நாறுவதில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், நீங்கள் கொடுத்த நான்கு கோழிகள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா? "கூடு நாறுது, ஞாயித்துக்கிழமை கூடையோட வந்து கோழிகளைத் தூக்கிட்டுப் போடா" என்று அம்மா உங்களிடம் போனில் சொன்னதையும், "பாப்பா உள்ளதை எழுதட்டும், அவ பொய் சொல்ல மாட்டா. அப்புறம் பாக்கலாம்" என்று நீங்கள் சொன்னதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆகவே நடந்தவை அனைத்தையும் உண்மையாக எழுதுகிறேன். கதவுக்குப் பின்னால் நின்றதும் அதில் சேர்த்தி.

நாற்றம் இருந்தது உண்மை. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்துத்தான் திறக்கும். அவர் ஒரு சட்டையை மதில்மேல் நீட்டி, "மோந்து பாருங்கக்கா. இன்டர்வியூக்குப் போறவர் சட்டை இது. கோழி வாடையோட போனா வேலை கிடைக்குமா?" என்றார். அம்மா மோந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அன்று முதல் அப்பா பொறுப்பேற்றார். அவர் கொள்கைதான் உங்களுக்குத் தெரியுமே, ஸ்கூட்டரோ சமையலறையோ, எது அழுக்கானாலும் ஹோஸைப் பிடித்து அடிக்க வேண்டும். தினமும் காலையில் கூட்டைக் கழுவினார், கோழிகள் உள்ளே இருக்கும்போதே. அவற்றில் பெரியதை நாங்கள் தலைமையாசிரியை என்று அழைக்கிறோம். அது நனைந்துகொண்டே அப்பாவைப் பார்த்த பார்வையை நீங்கள் கண்டிருந்தால் உங்கள் முழங்கால் தானாக மடங்கியிருக்கும். கழுவக் கழுவ நாற்றம் கூடியது. "இன்னும் கொஞ்சம் தண்ணி அடிச்சா போயிடும்" என்றார் அப்பா. "நீங்க கொஞ்சம் தள்ளிப் போனா போயிடும்" என்றார் அம்மா.

நான் நூலகத்திலிருந்து கோழி வளர்ப்புப் புத்தகம் எடுத்து வந்தேன். எச்சத்தைவிட அதில் சேரும் ஈரம்தான் நாற்றத்துக்குக் காரணம் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா ஹோஸைச் சுருட்டி மாட்டினார். பிறகு தச்சர் பட்டறையிலிருந்து ஒரு மூட்டை மரச்சீவல் கொண்டுவந்தார். நாங்கள் கூட்டின் தரையைச் சுரண்டி, காயவிட்டு, சீவலைக் கெட்டியாகப் பரப்பினோம். கோழிகள் ஏறித் தூங்கும் கம்புக்குக் கீழே பழைய தட்டு ஒன்றை வைத்தோம்; எச்சம் அதில் விழும், காலையில் எடுத்துக் கொட்டிவிடலாம். தண்ணீர்க் கிண்ணம் வெளியே போயிற்று. காற்றுப் போக மேலே வலை அடித்த அப்பா, இடையில் தன் கட்டைவிரலையும் அடித்துக்கொண்டார்.

இன்று மத்தியானம் சோதனை. கோழிகள் கொல்லையில் கிளறிக்கொண்டிருந்தன. தையல்கார அக்கா கூட்டுக்குள் தலையை நுழைத்து நீளமாக மூச்சை இழுத்தார். "என்னக்கா இது, புது மர பீரோ மாதிரி வாசனை வருது" என்றார். "தலைமுடி ஏதும் விழுந்துடாம பாத்துக்கங்க" என்றார் அப்பா. அம்மாவும் மோந்து பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா மறுபடி கூடு நாறுச்சுன்னா தம்பிக்குப் போன் போட்டுடுவேன்" என்றார். ஆகவே மாமா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவசியம் வாருங்கள். கூடை மட்டும் வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு எங்கள் வீட்டு மொத்தப் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே எழுதிய உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாம் உண்மை. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. கூடு சுத்தமானதிலிருந்து அப்பா கோழிகளை அதற்குள் விடவில்லை. "இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் பண்ணியிருக்கேன், இதுங்க உள்ள போனா என்னத்துக்கு ஆகும்?" என்று பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்ததும் அவையெல்லாம் என் அறைக்கு வந்துவிடுகின்றன. அம்மாவுக்குத் தெரியாது. கூடு நாறக் கூடாது என்றுதான் அம்மா சொன்னார், என் அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்ததும் எப்படியாவது பேசி அந்தச் சாவியை வாங்கித் தாருங்கள். இந்த வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் மாமா. தலைமையாசிரியைக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது, விளக்கை அணைத்துவிட்டேன்.