மூன்றாம் வகுப்பின் இயற்கை எதிரி

பூச்சிகளை ஒழித்த நாடுகள் உலகில் பல உண்டு. பூச்சிகளின் மனம் நோகாமல், அவற்றையும் கலந்துகொண்டு நிர்வாகம் நடத்திய பள்ளி ஒன்றே ஒன்றுதான். அது எல்கன் மலையடிவாரத்தில் சிகுலு என்னும் ஊரில் இருக்கிறது. அதன் பெருமையை வருங்காலம் பேசும். நிகழ்காலத்துக்கு வாய் நிறைய வேலை இருப்பதால் இப்போதைக்குப் பேச முடியவில்லை.

சிகுலு ஆரம்பப் பள்ளியின் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' ஒருங்கிணைப்பாளர், மூன்றாம் வகுப்பு ஆசிரியை நசாம்பு. இந்தப் பதவி அவளுக்குத் திறமையால் வந்ததல்ல, கூரையால் வந்தது. தன் வகுப்பின் உத்தரத்தைக் கறையான் அரிக்கிறது, என்றைக்காவது பிள்ளைகள் தலையில் விழுந்துவிடும் என்று சொல்லத்தான் அவள் தலைமையாசிரியர் லுஸ்வெட்டியிடம் போனாள்.

லுஸ்வெட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க சொன்னது புகார் இல்ல. தொலைநோக்கு! இந்த மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

பிரச்சினையைக் கொண்டுவந்தவர் கையிலேயே பிரச்சினையைக் கொடுத்து அனுப்புவது நிர்வாகக் கலையின் உச்சம். நசாம்பு புகார் சொல்லப் போனாள்; அந்தப் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவளாகத் திரும்பி வந்தாள்.

பயிற்சிக்காக அவளைக் கிசுமு நகரத்துக்கு அனுப்பினார்கள். ஏரிக்கரை ஓட்டலில் பொரித்த மீனும் பாடமும் மாறி மாறிப் பரிமாறப்பட்டன. முதலில் பூச்சியைக் கவனி. எதுவரை பொறுக்கலாம் என்று எல்லை வகு. அது வரும் வழியை அடை. அதன் இயற்கை எதிரியைத் துணைக்கு அழை. மருந்து கடைசியில்தான். நல்ல பாடம். அதில் ஒரு குறையும் இல்லை. குறையில்லாத பாடத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னவெல்லாம் செய்யலாம் என்பது அவள் ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

ஸ்டாஃப் ரூமில் மேலாண்மைக் குழு கூடியது. தலைவர், பள்ளியின் சேர்மன் முக்வானா. அவரைத் தவிர வேறு யாரும் தலைவராக முடியாது, ஏனென்றால் புற்று அவருடையது. மூன்றாம் வகுப்புக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் அந்தப் புற்றிலிருந்துதான் கறையான் சுவரேறி உத்தரத்துக்குப் போகிறது. ஆனால் பள்ளிக்கு இடம் கொடுத்த முக்வானாவின் அப்பா நிலத்தைத்தான் கொடுத்தார். புற்றைக் கொடுக்கவில்லை. சிகுலுவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலம் கைமாறும், மாடு கைமாறும், மகள்கூட இன்னொரு வீட்டுக்குப் போவாள். புற்று மட்டும் அப்பனிடமிருந்து பிள்ளைக்குத்தான். மழை பெய்ததும் அதிலிருந்து கிளம்பும் ஈசலுக்குப் பாத்தியதை கேட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு.

கறையான் புற்றெடுக்க நாகம் குடிபுகும் என்பார்கள். சிகுலுவில் நாகத்துக்குப் பதில் குழு குடிபுகுந்தது. மற்றபடி பழமொழியில் மாற்றமில்லை.

"ராணிக் கறையானைத் தோண்டி எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிடும்," என்றாள் நசாம்பு.

முக்வானா அவளை வருத்தத்தோடு பார்த்தார். "ஏம்மா, உன் வீட்டுப் பசு பக்கத்து வீட்டுச் சோளத்தை மேஞ்சா, பசுவையா வெட்டுவே?"

"அப்ப மருந்து போடலாம்."

"மருந்து போட்டா அப்புறம் ஈசலை நாங்க எப்படிச் சாப்பிடறது?"

மாவட்டத்திலிருந்து வந்திருந்த வேளாண் அதிகாரி வெபுகுலு பேனாவை உயர்த்தினார். "சேர்மன் சொல்றதுதான் ஒருங்கிணைந்த பார்வை. பூச்சியைத் தனியா பாக்கக் கூடாது. உணவோட சேத்துப் பாக்கணும்."

"அப்படின்னா ஒரு முடிவு வர்ற வரைக்கும் பிள்ளைங்களையாவது இந்த ரூமுக்கு மாத்துங்க."

"மாத்தலாம்," என்றார் லுஸ்வெட்டி. "ஆனா குழு எங்க கூடும்?"

நசாம்பு, மரத்தடியில் பாடம் நடத்தட்டுமா என்று கேட்டாள். மரத்தடியில் பாடம் நடந்தால் பள்ளிக்குக் கட்டடம் இல்லை என்று மேலிடம் நினைத்துவிடும் என்றார் லுஸ்வெட்டி. "கூரை இருக்கற வரைக்கும் கூரை இருக்கு டீச்சர். அதை மறந்துடாதீங்க."

பிறகு, எதுவரை பொறுக்கலாம் என்ற எல்லையை வகுக்கும் பணி தொடங்கியது. உத்தரத்திலிருந்து ஒரு நாளில் எவ்வளவு தூள் விழலாம்? ஒரு கைப்பிடி என்றார் வெபுகுலு. யார் கை என்று கேட்டார் லுஸ்வெட்டி. கேள்வி நியாயமானது. எல்லோரும் மேசைமேல் கையை விரித்து வைத்தார்கள். முக்வானாவின் கைதான் பெரிது. அதுவே எல்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று.

"கூரையே விழுந்துட்டா?" என்றாள் நசாம்பு.

"அது எல்லையைத் தாண்டினதா ஆயிடும்," என்றார் வெபுகுலு உறுதியாக. "உடனே நடவடிக்கை எடுப்போம்."

அப்போது தேநீர் வந்தது. கூடவே, போன பருவத்து ஈசலை வெயிலில் காயவைத்து உப்புப் போட்டு வறுத்தது ஒரு கிண்ணம். சரியாக இரண்டு பிடி மட்டும் எடுத்துக்கொள்வது என்று நசாம்பு தீர்மானித்தாள். கூட்டம் முடிந்தபோது கிண்ணத்தின் அடி தெரிந்தது. அதைத் தெரியவைத்ததில் அவள் பங்கு சிறியதல்ல. மனசாட்சி மண்டைக்குள் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் நாக்கை அதற்கு இவ்வளவு பக்கத்தில் வைத்தது படைப்பின் பிழை.

அவள் கண்காணித்தாள். வேறென்ன செய்வது? பாடம் நடத்தும்போது பாதிக் கண் உத்தரத்தில் இருந்தது. கைப்பிரம்பால் தட்டினால் காலிச் சர்க்கரை டப்பாபோல் சத்தம் கேட்டது. வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும் அமைதியில், மேலே அவை மென்றுகொண்டிருப்பது கேட்டது. தன் வகுப்பிலேயே பாடத்தில் கண்ணாக இருப்பவை அவைதான் என்று தோன்றும்.

"டீச்சர், இன்னிக்கு என் தலையில நேத்தைவிட நிறைய," என்றாள் முன்வரிசை நஞ்சாலா, தலைமுடியைத் தட்டிக்கொண்டே.

"கூரைக்கு உன்மேல ஆசைடி," என்றாள் பக்கத்துப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். நசாம்புவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தான் ஏன் சிரித்தோம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டால் யார் தடுப்பார்கள்? யாரும் தடுக்க மாட்டார்கள். முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சுளிப்புக்குத்தான் அவள் உத்தரத்தைவிட அதிகம் பயந்தாள். அத்துடன், மழை வரும் நேரம். ஒவ்வொரு பருவத்திலும் முக்வானா வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டி அவளுக்கு ஒரு பங்கு வருகிறது. வராமல் போன வீடுகளை அவள் அறிவாள்.

முதல் மழை பெய்து வெறித்த மறுநாள், மத்தியானம். முக்வானாவின் பிள்ளைகள் புற்றின்மேல் குச்சிகளை நட்டுக் கம்பளியால் மூடினார்கள். கீழே ஒரு வாசல் விட்டு, அதன் முன்னால் ஒரு குழி தோண்டினார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து சின்னக் கட்டைகளால் பலகையைத் தட்டத் தொடங்கினார்கள். டப டப டப டப. பொய் மழை. மண்ணுக்குள் இருக்கும் கறையானுக்கு அது மெய் மழை. நம்பி வெளியே வரும்.

லுஸ்வெட்டி வாசலில் வந்து நின்றார். "மூணாங் கிளாஸ்! எல்லாரும் வெளிய வாங்க. செய்முறைப் பாடம்!"

நசாம்பு பெருக்கல் கணக்கைப் பாதியில் விட்டாள். பிற்பாடு பலமுறை அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனது உத்தரத்துக்குப் பயந்தா? இல்லை. நல்ல இடம் பிடிக்காவிட்டால் பங்கு குறைந்துவிடுமே என்று.

ஈசல் கிளம்பியது. ஈரச் சிறகுகள் பளபளக்க வாசல் வழியாகக் கொப்பளித்துக் குழிக்குள் கொட்டியது. பிள்ளைகள் சிறகைக் கிள்ளிவிட்டு உயிரோடு வாயில் போட்டார்கள். வெபுகுலு தன் அலுவலகத் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளினார். முக்வானா நசாம்புவிடம் ஒரு பெரிய கிண்ணத்தை நீட்டினார். "எடுத்துக்கோம்மா. நீ ஒருங்கிணைப்பாளர் ஆச்சே."

அவள் வாங்கிக்கொண்டபோது பின்னால் நீளமாக ஒரு முனகல் கேட்டது. திரும்பினாள். மூன்றாம் வகுப்பின் கூரை, யாரோ களைத்துப்போய் உட்காருவதுபோல், மெல்ல உள்ளே இறங்கியது. தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. தூசி எழுந்தது. கட்டைகள் இன்னும் டப டப என்று தட்டிக்கொண்டிருந்தன, பிறகு ஓய்ந்தன.

அவள் தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். நஞ்சாலா வாயில் ஒரு சிறகோடு நின்றாள். நசாம்புவின் கையில் இருந்த கிண்ணம் துளிகூடச் சிந்தவில்லை. அதை அவள் கவனித்தாள்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பெற்றோர்களும் வந்து ஜன்னலில் நின்றார்கள். வெபுகுலு எழுந்தார்.

"இது தோல்வின்னு சில பேர் நினைக்கலாம். யோசிச்சுப் பாருங்க. புற்று இல்லேன்னா ஈசல் இல்ல. ஈசல் இல்லேன்னா பிள்ளைங்க உள்ளதான் இருந்திருப்பாங்க. இத்தனை உயிரைக் காப்பாத்தினது யாரு?"

"புற்று!" என்றார் லுஸ்வெட்டி.

முக்வானா அடக்கத்தோடு தலைகுனிந்தார். கைதட்டல் எழுந்தது. புற்றை 'அவசரகாலப் பாதுகாப்பு மையம்' என்று அறிவித்தார்கள். புது வகுப்பறையை அதற்கு இன்னும் பக்கத்தில் கட்டினால் ஆபத்து நேரத்தில் பிள்ளைகள் ஓட வேண்டிய தூரம் குறையும் என்ற கருத்தைப் பரிசீலிக்கத் துணைக்குழு அமைத்தார்கள்.

நசாம்பு எழுந்து நின்றாள். "கறையான் கூரையைத் தின்னுது. அதை நாம தின்னுறோம். ஒவ்வொரு வருஷமும் இதைத்தான் செய்யறோம்."

"டீச்சர்," என்றார் லுஸ்வெட்டி கனிவாக, "அதுக்குப் பேருதான் ஒருங்கிணைப்பு."

மறுவாரம் மூன்றாம் வகுப்பு மாமரத்தடியில் நடந்தது. கட்டடம் இல்லாததால் இப்போது மேலிடம் எதையும் தவறாக நினைக்க வழியில்லை. பாடத்திட்டப்படி அறிவியல்: உணவுச் சங்கிலி. அடிமரத்தில் சாய்த்த கரும்பலகையில் நசாம்பு ஒரு மரம் வரைந்தாள்.

"இதைத் தின்னறது எது?"

"கறையான்!"

"கறையானைத் தின்னறது?"

"கோழி!" "எறும்பு!" "சேர்மன்!"

சிரிப்பு. "ஹெட்மாஸ்டர்!" "தொப்பி போட்ட அந்த சார்!"

"நீங்களும்தான் டீச்சர்," என்றாள் நஞ்சாலா.

"ஆமா. நானும்தான்." சங்கிலியில் தன் பெயரையும் எழுதினாள். சாக்பீஸ் உடைந்தது. மிச்சத்தால் எழுதி முடித்தாள்.

நஞ்சாலா பலகையை வெகுநேரம் பார்த்தாள். விரலால் காற்றில் அம்புக்குறிகளைத் தொடர்ந்து போனாள். பிறகு டீச்சரின் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப நம்ம கிளாஸ் ரூம் உங்க வயித்துக்குள்ளதான் இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்கள்.

"கொஞ்சம் இருக்கு," என்றாள் நசாம்பு. "மீதி ஸ்டாஃப் ரூம்ல இருக்கு."

மூன்றாம் வகுப்பு முழுவதும் திரும்பி ஸ்டாஃப் ரூமைப் பார்த்தது. உள்ளே துணைக்குழு கூடியிருந்தது. பள்ளியிலேயே அந்த ஒரு கூரைக்குத்தான் இரும்பு உத்தரம் போட்டிருந்தார்கள்.