வீ மிஸ்ஸின் அல்ஸ்டர்

"இங்கிலீஷ்காரி" என்று சொன்னால் சாக்பீஸை விட்டெறிகிற இங்கிலீஷ் டீச்சர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் லஸ் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தார். நர்ஸாக மெட்ராசுக்கு வந்து, ரிடையரான பிறகும் ஊர் திரும்பாமல், வேலை தேடும் எங்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு எல்லாமே 'வீ'. அவர் ஊர்ப் பேச்சில் சின்னது என்று அர்த்தம். வீ காபி, வீ சந்தேகம். நூறு கிலோ எடையுள்ள முதலாளி நாயுடுகூட 'வீ மேன்'தான். அதனால் அவர் எங்களுக்கு வீ மிஸ்.

"அப்ப நீங்க எந்த ஊருதான் மிஸ்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

அவ்வளவுதான்! டைப்ரைட்டர்கள் நின்றன. கரும்பலகையில் ஸ்காட்லாந்து வந்தது, அயர்லாந்து வந்தது, நடுவில் கடல் வந்தது.

"மயிலாப்பூர்லேர்ந்து தாம்பரம் தூரம்தான்!" என்று ஆஸ்பத்திரியில் கற்ற தமிழில் கூவினார். "எங்க ஆளுங்க ஸ்காட்லாந்துலேர்ந்து படகுல வந்தாங்க. அயர்லாந்துலயே வடக்கால அல்ஸ்டர். முந்நூத்தம்பது வருஷம் ஆச்சு! இன்னும் ஐரிஷ்காரன் 'நீ ஸ்காட்'டுங்கறான். ஸ்காட்லாந்து போனா 'நீ ஐரிஷ்'ங்கறான்!" பிறகு குரல் இறங்கியது. "ராஜா குடுத்த நிலம். ஆனா அங்க ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்க. அதான் இன்னும் சண்டை."

நாயுடு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அட, நம்ம கதை மிஸ்! எங்க ஆளுங்க ஆந்திராலேர்ந்து வந்து எத்தினியோ தலைமுறை ஆச்சு. இங்க என்னைத் தெலுங்கன்றான். நெல்லூர்ல வாயத் தொறந்தா, 'மெட்ராஸ்காரன் வந்துட்டான்'னு சிரிக்கிறான்!"

மிஸ் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அன்று எல்லோருக்கும் காபி.

விபரீதம் என் இன்டர்வியூவில் நடந்தது. 'ஆமாம்' என்பதற்கு மிஸ் சொல்வது "ஐ!" எங்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றின் மேனேஜர், "ஷார்ட்ஹேண்ட் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஐ!"

"டைப்பிங்?"

"ஐ!"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னய்யா இது, பஞ்சு மிட்டாயப் பாத்த குழந்தை மாதிரி கத்தற?"

பதறிப்போய் மிஸ், அல்ஸ்டர், படகு, நெல்லூர் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வேலை கிடைத்தது!

குதித்துக்கொண்டு வெளியே வந்தால், மே மாத வெயிலில், பீட்ரூட்டாகச் சிவந்துபோய் வாசலில் மிஸ்.

"பத்து மணிலேர்ந்து நின்னுகினு கீது நைனா. உள்ள வான்னா வரமாட்டேன்னுது," என்றார் வாட்ச்மேன்.

"என்னைப் பாத்தா நீ பயந்துடுவ, அதான்," என்றார் மிஸ்.

என்னைப் பெற்ற அம்மாகூட அப்போது வீட்டில் ஃபேனுக்கு அடியில்தான் இருந்தாள்.