கொடி நைனா போட மறுத்த மஞ்சள்

ராயபுரத்தில் எங்கள் தலைமுறையில் நடந்த வேதக்காரக் கல்யாணங்களுக்கெல்லாம் இரண்டு பேர் சம்மதம் வேண்டும். ஒருவர் மாதா கோயில் சாமியார். இன்னொருவர் கொடி நைனா. சாமியாரையாவது காலில் விழுந்து வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் கொடிமரத்து வேலை. வருகிற கப்பல் என்ன கொடி கட்டியிருக்கிறது என்று தூரக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வதும், பதிலுக்கு இங்கே கொடி ஏற்றுவதும்தான் அந்த வேலை. அதை விட்டால் அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஈடுபாடு, கேக்கின் மேல் தூவுகிற கலர் மணி செய்வது. விற்கமாட்டார். தெருவில் கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் என்றால் சும்மாவே கொடுப்பார். வீட்டில் மாவு கலந்து பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கிய கேக்கை நேரே அவர் வீட்டுக்குத்தான் எடுத்துப் போவோம்.

சர்க்கரையை மாவாக அரைத்து, பழைய கொடித் துணியில் சலிப்பார். முட்டையின் வெள்ளைக் கருவை விட்டுக் குழைப்பார். சிவப்புக்கு பீட்ரூட், பச்சைக்குக் கீரைச் சாறு, நீலத்துக்குச் சங்குப்பூ. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி, எண்ணெய் தடவிய காகிதத்தின் மேல் நூல் நூலாகக் கோடு இழுப்பார். அது காய்ந்து மொறமொறப்பான பிறகு கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கினால் கலர் மணி.

காய வைப்பதுதான் பெரும்பாடு. கடல் காற்று பட்டால் சர்க்கரை கசிந்துவிடும். நிலத்திலிருந்து வறண்ட மேற்குக் காற்று வரும் வரை மனிதர் காத்திருப்பார். வந்ததும் கோடுகளை மொட்டைமாடியில் வைத்து, பக்கத்தில் மூங்கில் நட்டு ஒரு சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார். அந்தக் கொடி பறக்கும் வரை தெருவில் யாரும் வாசல் பெருக்கக் கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது. எதிர்வீட்டு மரைக்காயர், தோல் மண்டியில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், வாசலில் நின்று பவ்யமாகக் கேட்பார்.

"நைனா, ரெண்டு தும்மல் வர்ற மாதிரி கீது. தும்மிக்கட்டா?"

"உள்ள போய்க் கதவ சாத்திக்கினு தும்மு பாய்!"

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். கலர் விஷயத்தில்தான் அவர் எங்களை அழவைத்தார். கொடி பார்த்துப் பார்த்து, அவர் கண்ணுக்கு எந்தக் கலரும் வெறும் கலராகத் தெரியவில்லை. சிவப்பைக் கேட்டால், "வெடிமருந்து ஏத்திகினு வர்ற கப்பலு கட்டறதுடா அது. பொண்ணு மாப்ளைக்கு நடுவுல அத்தயா வைப்பே?" என்பார். பீட்ரூட் சாறெல்லாம் ரோஜா நிறத்தோடு நின்றுவிடும். நீலமும் வெள்ளையும் சேர்ந்தால் கப்பல் கிளம்பப் போகிறது, எல்லாரும் ஏறுங்கள் என்று அர்த்தம். ஆகவே அந்த இரண்டையும் சேர்க்கவே மாட்டார்.

மாதா திருநாளுக்குக் கேக் செய்தபோது சாமியாரே வந்து, மாதாவின் நிறம் நீலமும் வெள்ளையும்தானே என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"தெரியும் சாமி. அத்தப் பாத்துட்டு மாதா கெளம்பிட்டாங்கன்னா? ராயபுரத்த யாரு பாத்துக்கறது, நீங்களா?"

சாமியார் திரும்பிப் போனார். அந்த வருஷமும் பச்சையும் ரோஜாவும்தான்.

இப்படிப்பட்டவரிடம் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

நான் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பெண் புளியந்தோப்பு, பெயர் ஆரோக்கியம். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் என் வருங்கால மாமியார் வாயைத் திறந்தார்.

"கேக்குல மஞ்சா இருக்கணும் மாப்ளே. எங்க சின்னம்மா கல்யாணத்துல வெறும் வெள்ளையா வச்சாங்க. ஆறே மாசத்துல அவங்க வெள்ளப் பொடவ கட்டிட்டாங்க. மஞ்சா இல்லேன்னா என் பொண்ணு உன் வூட்டுக்கு வண்டி ஏற மாட்டா."

ஆரோக்கியம் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். அவள் அம்மா சொன்னதைச் செய்கிறவர். நைனாவிடம் ஓடினேன்.

"மஞ்சாவா?" நைனா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "மஞ்சக் கொடியோட வர்ற கப்பல்ல டாக்டரு ஏறி, அல்லாரையும் பாத்து, சீக்கு இல்லேன்னு சொல்ற வரிக்கும் ஒருத்தன் எறங்கக் கூடாது, ஒருத்தன் ஏறக் கூடாது. அத்தப் போட்டா உன் பொண்டாட்டி எப்டிடா உன் வூட்டுக்கு வருவா?"

"போடலேன்னாலும் வரமாட்டா நைனா!"

அவர் மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சுட்ட கேக்கைக் கொண்டுபோனபோது அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பேக்கரியிலேயே வேறொரு கேக் மஞ்சள் பூசி வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். நைனாவின் மணி இல்லாமல் எங்கள் தெருவில் ஒரு கேக்கும் வெட்டியதில்லை. அந்த தைரியம் எனக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று மாலை, தெருப் பந்தலில் நைனா கேக்கோடு வந்தார். மூடியிருந்த துணியை எடுத்தார். கேக் முழுக்க மஞ்சள் மணி, நெல் கொட்டியது மாதிரி. மாமியார் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

"யாரும் கிட்ட வரக் கூடாது!" என்று நைனா ஒரு அதட்டல் போட்டார். பின்னாலேயே கழுத்தில் குழாயோடு தர்மாஸ்பத்திரி கம்பவுண்டர் நுழைந்தார்.

"டாக்டரு வரமாட்டேன்ட்டாரு. இவரு போதும். மாப்ளே, நாக்க நீட்டு."

கோட்டும் சூட்டுமாக, இருநூறு பேர் முன்னால் நாக்கை நீட்டினேன். ஆரோக்கியம் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே நீட்டினாள். கம்பவுண்டர் மாமியார் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எதுக்கு? இன்னாயா பேஜாரு இது?"

"கப்பல்ல கீற அல்லாரையும் பாக்கணும்மா," என்றார் நைனா.

கம்பவுண்டர் கையைப் பிடித்து வெகுநேரம் நாடி பார்த்தார். "இரும்பு மாதிரி கீது. பேரன் பேத்தி கல்யாணமெல்லாம் பாத்துட்டுத்தான் போவீங்க," என்றார். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது.

"சீக்கு இல்ல?" என்றார் நைனா.

"இல்ல."

"அப்போ மஞ்சா எறங்கலாம்."

கேக்கின் மேல் ஒரு மெல்லிய காகிதம் விரித்து, அதன் மேல்தான் மஞ்சளைத் தூவியிருந்தார் மனிதர். நான்கு முனையையும் சேர்த்து அப்படியே தூக்கினார். கீழே பச்சையும் ரோஜாவும் பளிச்சென்று இருந்தன. மாமியார் பதறி எழுவதற்குள் காகிதத்தைப் பொட்டலமாக மடித்து ஆரோக்கியத்தின் கையில் வைத்தார்.

"மஞ்சா கெட்டது இல்லம்மா. வழிவுட்டு எறங்கணும், அவ்ளோதான். உன் பொண்ணு கையோட எத்துக்கினு போவட்டும்."

மாமியார் பொட்டலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கையில கீதில்ல? சரி, வண்டி ஏறட்டும்," என்றார்.

நாலு வருஷம் கழித்து எனக்குப் பம்பாய்க்கு மாற்றல் வந்தது. சென்ட்ரலுக்கு நைனா ஒரு தகர டப்பாவோடு வந்தார். திறந்தேன். கேக் இருந்தது. மேலே ஒரு மணிகூட இல்லை. அவர் கையிலிருந்து மொட்டைக் கேக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இன்னா நைனா, மணி போடல?"

"வழியனுப்பற கேக்குக்கு நீலமும் வெள்ளையும்தான் போடணும். ரெண்டு கலரும் பண்ணி வச்சேன். மேற்குக் காத்து, நல்லாத்தான் காஞ்சிது." ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தூவக் கை வரலடா."

ரயில் நகர்ந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் ஆரோக்கியமும் அந்தக் கேக்கை அரக்கோணம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தோம்.

பம்பாயில் எனக்கு இப்போது பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். ஆனால் நைனாவின் சட்டப்படி நாங்கள் இருவரும் இன்னும் ராயபுரத்தை விட்டுக் கிளம்பவில்லை.